புதிய வட்டும் பழகிய கையும்: டிஸ்க் கோல்ஃப் வரலாற்றில் ஒரு பக்கம்



விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் வெற்றியாளர்களின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. எந்த ஆண்டில் யார் கிண்ணத்தை வென்றார், யார் யாரைத் தோற்கடித்தார் என்பனவே ஏடுகளில் இடம்பெறுகின்றன. ஆனால், தன் பணத்தைக் கொடுத்துக் கருவியை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவிற்குச் சென்று ஆடும் எளிய ஆட்டக்காரனுக்கும் ஒரு வரலாறு உண்டு. கருவியைச் செய்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நடக்கும் நீண்ட உரையாடலே அவ்வரலாறு. டிஸ்க் கோல்ஃப் என்னும் விளையாட்டில் அவ்வுரையாடல் மிகத் தெளிவாகக் கேட்கின்றது. இக்கட்டுரை அதைப் பற்றியதே.

இவ்விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோல்ஃப் ஆட்டத்தின் விதிமுறையே இதற்கும் அடிப்படை. பந்துக்கும் மட்டைக்கும் பதிலாக நெகிழியால் ஆன வட்டு. தரையில் தோண்டிய குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த எண்ணிக்கையிலான எறிகளில் வட்டைக் கூடைக்குள் சேர்ப்பவரே வெல்வார். நம் பள்ளி விளையாட்டுப் போட்டியில் எறியப்படும் கனத்த வட்டை இங்கே நினைக்க வேண்டாம். இவ்வட்டின் எடை 200 கிராமுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. ஆட்டக்காரர் ஒருவர் தம் பையில் பத்து, பதினைந்து, சில வேளைகளில் இருபதுக்கும் மேற்பட்ட வட்டுகளைச் சுமந்து செல்வார். நெடுந்தொலைவு செல்ல ஒன்று, நேராகச் செல்ல ஒன்று, கூடைக்கருகில் மெல்ல இட ஒன்று என ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி உண்டு.

எந்த நிறுவனம் புதிய வட்டை அறிவித்தாலும் ரசிகர்களிடையே மூன்று குரல்கள் எழுவதைக் காணலாம். "இதைத்தான் எதிர்பார்த்திருந்தோம்" என்பது முதற்குரல். "பழைய வட்டுக்குப் புதுப்பெயர் சூட்டியிருக்கிறார்கள்" என்பது இரண்டாம் குரல். "புதியது வரட்டும், ஆனால் எங்கள் பழைய வட்டை நிறுத்திவிடாதீர்கள்" என்பது மூன்றாம் குரல். இம்மூன்றும் நேற்றுத் தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் வரலாற்றில் ஆழமான வேர் இருக்கின்றது.

பலகாரத் தட்டிலிருந்து பூங்கா வரை

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் நகரில் 1871-இல் தொடங்கப்பட்டது ஃபிரிஸ்பி என்னும் பலகார நிறுவனம். பழம் பொதிந்த அடை போன்ற பலகாரத்தைத் தகரத் தட்டில் வைத்து விற்றது. உண்டு முடித்த பின் அத்தட்டை ஒருவருக்கொருவர் எறிந்து விளையாடும் பழக்கம் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடையே பரவியது என்பர். அந்நிறுவனம் 1958-இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

நாட்டின் மறுகோடியான கலிஃபோர்னியாவில் வால்டர் ஃபிரெடரிக் மோரிசன் என்னும் இளைஞர் 1938-இல் சாந்தா மோனிகா கடற்கரையில் கேக் தட்டுகளை எறிந்து காட்டி, ஒன்றை 25 காசுக்கு விற்றார். கடையில் ஐந்து காசுக்குக் கிடைத்த தட்டு அது. பறக்கும் என்று கண்டவுடன் மக்கள் ஐந்து மடங்கு விலை கொடுத்தனர். பொருளைவிட அதன் பறத்தலுக்கே விலை என்னும் உண்மை அன்றே புலப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றித் திரும்பிய மோரிசன், நெகிழியில் வட்டுகளைச் செய்யத் தொடங்கினார். 1955-இல் அவர் வடிவமைத்த 'புளூட்டோ பிளாட்டர்' என்னும் வட்டின் உரிமையை 1957-இல் வாம்-ஓ நிறுவனம் பெற்றது. அதே ஆண்டில் அதற்கு 'ஃபிரிஸ்பீ' என்ற பெயர் சூட்டப்பட்டது.

1964-இல் வாம்-ஓ நிறுவனத்தில் சேர்ந்த எட் ஹெட்ரிக், வட்டின் மேற்பரப்பில் மெல்லிய வரைமேடுகளை அமைத்துப் பறத்தலை நிலைப்படுத்தினார். பொம்மையாக இருந்த பொருள் விளையாட்டுக் கருவியாக உயர்ந்தது அப்போதுதான். 1975-இல் அவர் கலிஃபோர்னியாவின் லா கன்யாடா ஃபிளிண்ட்ரிட்ஜ் பகுதியிலுள்ள ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிலையான டிஸ்க் கோல்ஃப் திடலை அமைத்தார். சங்கிலிக் கூடைக்கு 1977-இல் காப்புரிமை பெற்றார். 1976-இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் நிறுவினார். விளையாட்டு, திடல், கூடை, சங்கம் ஆகிய நான்கும் சில ஆண்டுகளுக்குள் உருவாகிவிட்டன. ஆனால் அதற்கெனத் தனி வட்டு மட்டும் இன்னும் பிறக்கவில்லை. கடற்கரையில் எறியும் அதே ஃபிரிஸ்பீயைத்தான் கூடையிலும் எறிந்தனர்.

1983: முதற்குரலின் பிறப்பு

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டேவ் டூனிபேஸ் வட்டின் விளிம்பைப் பற்றிச் சிந்தித்தவர். அதுவரை வந்த வட்டுகளின் விளிம்பு மழுங்கி உருண்டிருந்தது. காற்று அதில் மோதித் தடைபட்டது. விளிம்பைச் சரிவாகச் சீவினாற்போல் அமைத்தால் வட்டு காற்றைக் கிழித்துச் செல்லும் என்று அவர் கண்டார். 1983-இல் ஹெரால்ட் டுவால், டிம் செலின்ஸ்கே ஆகியோருடன் இணைந்து இன்னோவா நிறுவனத்தைத் தொடங்கினார். இவர்களுள் டுவால் 1982-ஆம் ஆண்டின் உலக வெற்றியாளர் என்பது குறிப்பிடத்தக்கது. அதாவது, ஆடுபவர்களே செய்பவர்களாயினர். அவ்வாண்டே வெளிவந்த 'ஈகிள்' என்னும் வட்டு, சரிவு விளிம்பு கொண்ட முதல் கோல்ஃப் வட்டாகும்.

அதன் விளைவு சிறிதன்று. அளவிற் சிறியதும் அடர்ந்ததுமான அவ்வட்டு, பழைய வட்டுகளைவிடத் தொலைவாகவும் விரைவாகவும் பறந்தது. போட்டிக்கு வருவோர் பழைய வட்டோடு வந்தால் பின்தங்க நேரிட்டது. புதிய வட்டு என்றாலே நெஞ்சு துடிக்கும் வழக்கம் இங்கிருந்துதான் வந்தது எனலாம். ஒரு முறை உண்மையிலேயே உலகம் மாறியதைக் கண்டவர்கள், மறுமுறையும் மாறக்கூடும் என்று காத்திருப்பது இயல்பே அன்றோ? முதற்குரலின் நம்பிக்கை வெறும் பேராசையன்று. அதற்கு ஒரு சான்று இருந்தது.

ஆனால், ஈகிள் போன்ற பாய்ச்சல் ஆண்டுதோறும் நிகழ்வதில்லை. கூடைக்கருகில் இடுவதற்காக 1984-இல் வந்த 'அவியார்', நடுத்தொலைவுக்காக 1987-இல் வந்த 'ராக்', 1999-இல் வந்த 'டீபேர்ட்', டிஸ்கிராஃப்ட் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட 'பஸ்' ஆகியவை இன்றும் பைகளில் இருப்பவை. நாற்பதாண்டுகளுக்கு முந்தைய வடிவம் இன்றும் வெல்கின்றது என்றால், அதன் பின் வந்த நூற்றுக்கணக்கான வட்டுகளின் தேவை என்ன என்ற கேள்வி எழத்தானே செய்யும்? இரண்டாம் குரல் அந்தக் கேள்வியிலிருந்தே பிறந்தது.

ஒரே அச்சு, வேறு வட்டு

இரண்டாம் குரலைப் புரிந்துகொள்ள, வட்டு செய்யப்படும் முறையை அறிய வேண்டும். நெகிழி மணிகளை உருக்கி, மிகுந்த அழுத்தத்தில் உலோக அச்சுக்குள் செலுத்துவர். ஆறியதும் அச்சைப் பிரித்து வட்டை எடுப்பர். நெகிழி ஆறும்போது சுருங்கும். எந்த அளவு சுருங்கும் என்பது நெகிழியின் கலவையையும், சாயத்தையும், ஆறும் வேகத்தையும் பொறுத்தது. ஆகவே ஒரே அச்சில் பிறந்த இரு வட்டுகளின் மேற்புறம் ஒன்றில் சற்றுக் குவிந்தும் மற்றொன்றில் தட்டையாகவும் அமையலாம். அச்சின் இரு பாதிகள் கூடும் கோடு விளிம்பில் மெல்லிய வரியாகத் தெரியும். அது சிறிதளவு மேலே அமைந்தால் வட்டு இறுதியில் வலுவாகத் திரும்பும். கீழே அமைந்தால் திரும்பும் ஆற்றல் குறையும்.

இதனால் ரசிகர்கள் பெயரைப் பார்த்து வாங்குவதோடு நிற்கவில்லை. ராக் வட்டின் கதை இதற்குச் சிறந்த சான்று. இன்னோவாவின் முகவரி காலப்போக்கில் சான் மரினோவிலிருந்து ஒன்டாரியோவுக்கும், பின்னர் ராஞ்சோ குக்கமோங்காவுக்கும் மாறியது. மூன்றும் கலிஃபோர்னிய ஊர்களே. வட்டின் அடியில் பொறிக்கப்பட்ட ஊர்ப்பெயரை வைத்தே சான் மரினோ ராக், ஒன்டாரியோ ராக், ராஞ்சோ ராக் என ஆட்டக்காரர்கள் பிரித்தறிந்தனர். நிறுவனம் ஒரே பெயரில் விற்றதை, ஆடுவோர் மூன்று வெவ்வேறு வட்டுகளாகக் கண்டனர். கல்வெட்டின் எழுத்தமைதியை வைத்துக் காலத்தைக் கணிக்கும் ஆய்வாளரைப் போல, வட்டின் அடியெழுத்தை வைத்து அதன் பறத்தலைக் கணித்தனர்.

நெகிழியும் அவ்வாறே. 2000-ஆம் ஆண்டையொட்டி இன்னோவா 'சாம்பியன் எடிஷன்' என்ற நெகிழியில் வட்டுகளை வெளியிட்டது. மரத்தில் மோதினாலும் சிதையாத உறுதியும், கையில் வழுக்காத பிடிப்பும் அதில் ஒருங்கே இருந்தன. பின்னர் அக்கலவை மாற்றப்பட்டது. பழையதைத் தேடிச் சேர்ப்போர் பெருகினர். அவ்வட்டுகளின் விலை புதியவற்றைவிடப் பன்மடங்கு உயர்ந்தது.

இத்தகைய அனுபவம் பெற்றவர்கள் ஓர் அறிவிப்பை அப்படியே நம்புவதில்லை. பெயர் புதிதானாலும் உள்ளே இருப்பது பழைய வட்டாக இருக்கலாம். பெயர் பழையதானாலும் உள்ளே இருப்பது புதிய வட்டாக இருக்கலாம். இரண்டையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

எண்களும் எல்லைகளும்

வட்டின் மேல் நான்கு எண்களைப் பொறிப்பது இன்று பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். இன்னோவா பரப்பிய முறை இது. முதல் எண் வேகம், இரண்டாவது மிதப்பு, மூன்றாவது தொடக்கத்தில் ஒரு பக்கம் சாயும் அளவு, நான்காவது வேகம் தணியும்போது மறுபக்கம் திரும்பும் அளவு. புதியவர்க்கு இவ்வெண்கள் பேருதவி. ஆயினும் இவை பொதுவான ஆய்வுக்கூடம் அளந்து தந்தவை அல்ல. அந்தந்த நிறுவனமே இடுபவை. ஒரு நிறுவனத்தின் ஒன்பதும் மற்றொரு நிறுவனத்தின் ஒன்பதும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எனவேதான் ஒரு புதிய வட்டின் எண்கள் வெளியானதும், அது எந்தப் பழைய வட்டுக்கு நிகர் என்ற வாதம் தொடங்குகின்றது.

மற்றொரு புறம், வடிவமைப்பாளர்க்கு விதிகள் இட்ட எல்லையும் உண்டு. போட்டியில் பயன்படும் ஒவ்வொரு வட்டும் சங்கத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். வட்டின் விட்டம் 21 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் என்பதே எடையின் உச்ச வரம்பு. தொலைவெறி வட்டுகள் பெரும்பாலும் 21 சென்டிமீட்டரை ஒட்டியே இருப்பதால் அவற்றின் எடை 175 கிராம் அளவில் நின்றுவிடுகின்றது. விளிம்பின் அகலம் 2.6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. விளிம்பு மிகக் கூர்மையாகவும் வளையாததாகவும் இருத்தலாகாது. எறியப்படும் வட்டு பூங்காவில் நடப்பவர் மேல் படக்கூடும் அல்லவா?

விளிம்பு அகல அகல வேகம் கூடும் என்பதால், இரண்டாயிரமாம் ஆண்டுகளில் நிறுவனங்களிடையே ஒரு போட்டியே நடந்தது. 2007-இல் வந்த இன்னோவாவின் 'டெஸ்ட்ராயர்' அக்காலத்தின் அடையாளம். அதைவிட அகன்ற விளிம்புடையவையும் தொடர்ந்து வந்தன. ஆனால் 2.6 சென்டிமீட்டர் என்னும் வேலியைத் தாண்ட இயலாது. எனவே, இன்று வரும் புதிய வட்டுகள் பெரும்பாலும் வேலிக்குள் இருக்கும் சிறு இடைவெளிகளை நிரப்புபவையே. வேறுபாடு நுணுகி வர வர, ரசிகர்களின் ஆராய்ச்சியும் நுணுகுகின்றது. சங்கம் ஒப்புதல் அளித்த வட்டுகளின் பட்டியலை வெளியிடுகின்றது. நிறுவனம் விளம்பரம் செய்யும் முன்பே அதில் பெயரையும் அளவுகளையும் கண்டு, அவ்வட்டு எப்படிப் பறக்கும் எனக் கணிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நுணுக்கங்களின் காலத்திலும் உண்மைப் புதுமைக்கு இடமில்லாமற் போகவில்லை. மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ரிச்சர்ட்சன் சகோதரர்களின் எம்விபி நிறுவனம் 2010-இல் 'அயான்' என்ற வட்டை வெளியிட்டது. நடுப்பகுதி ஒரு நெகிழியாலும், வெளிவிளிம்பு அதைவிட அடர்ந்த வேறொரு நெகிழியாலும் ஆனது அது. எடை வெளிப்புறம் சேர்வதால் சுழற்சி நீடிக்கும் என்பது அவர்களின் கருத்து. சிலர் ஐயுற்றனர், சிலர் இருநிறத் தோற்றத்தை நகைத்தனர். பல்லாண்டுகள் எறிந்து பார்த்த பின்னரே அது தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது. ஐயம் புதுமையைக் கொல்லவில்லை. புதுமையைச் சோதித்து ஏற்றது.

பெயர் பொறித்த வட்டு

1990 முதல் 1998 வரை தொடர்ந்து ஒன்பது முறையும், பின்னர் 2000, 2002, 2006 ஆகிய ஆண்டுகளிலும் கென் கிளைமோ உலக வெற்றியாளரானார். அவருடைய வெற்றிகளின் எண்ணிக்கையைப் பொறித்து இன்னோவா வட்டுகளை வெளியிட்டது. வெற்றி கூடியதும் முத்திரையின் எண்ணும் மாறியது. பழைய எண்ணுடைய வட்டுகள் சேகரிப்போரின் பொருளாயின.

2019-இன் தொடக்கத்தில் நான்கு முறை உலக வெற்றியாளரான பால் மெக்பெத் இன்னோவாவிலிருந்து டிஸ்கிராஃப்டுக்கு மாறினார். அவர் கருத்தையொட்டி 'லூனா' போன்ற வட்டுகள் உருவாயின. அவ்வாண்டே ஐந்தாம் முறையாக அவர் வெல்ல, முத்திரையில் நான்கு ஐந்தாயிற்று. 2021-இல் அதே நிறுவனம் அவருடன் பத்தாண்டுகளுக்கு ஒரு கோடி டாலர் மதிப்பிலான ஒப்பந்தம் செய்தது. 2023-இல் சைமன் லிஸோட் டிஸ்க்மேனியாவை விட்டு எம்விபியில் சேர்ந்தபோதும், அவருக்கென வந்த 'டைம்-லேப்ஸ்', 'பிக்செல்' வட்டுகள் இத்தகைய ஆரவாரத்தையே எழுப்பின. இத்தகைய வட்டுகளின் விற்பனையில் ஒரு பகுதி ஆட்டக்காரரைச் சேர்வது வழக்கம். ஆகவே, அதை வாங்கும் ரசிகர் ஒரு கருவியை வாங்குவதோடு தம் நாயகரின் பயணச் செலவிலும் பங்கேற்கிறார்.

இங்கே ஓர் எதிர்க்கேள்வியும் எழுகின்றது. முத்திரை மாறினால் பறத்தல் மாறுமா? மாறாது. 2021-இல் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் நடந்த உலகப் போட்டியின் கடைசிக் கூடையில், ஜேம்ஸ் கான்ராட் ஏறத்தாழ 75 மீட்டர் தொலைவிலிருந்து எறிந்த வட்டு நேரே சங்கிலியில் விழுந்தது. மெக்பெத்துடன் சமநிலை பெற்ற அவர், கூடுதல் ஆட்டத்தில் வென்று உலக வெற்றியாளரானார். அவர் எறிந்தது 'என்வி' என்னும் வட்டு. அது அன்று வெளிவந்த புதுமையன்று. பல ஆண்டுகளாகக் கடையில் இருந்ததே. மறுநாள் முதல் அதை வாங்க மக்கள் மொய்த்தனர். வட்டு மாறவில்லை, அதைப் பற்றி மக்கள் கேட்ட கதைதான் மாறியது.

மூன்றாம் குரல்

இனி மூன்றாம் குரலுக்கு வருவோம். பலரும் இதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடுவர். என் கருத்தில் இம்மூன்றனுள் மிகுந்த நியாயம் உடையது இதுவே.

ஓர் ஆட்டக்காரர் ஒரு வட்டை ஆயிரக்கணக்கான முறை எறிகிறார். எந்தச் சாய்வில் விட்டால் எந்த மரத்தைச் சுற்றி வரும் என்பதை அறிவால் மட்டுமன்றித் தோளாலும் மணிக்கட்டாலும் அறிகிறார். வட்டும் மரங்களில் மோதித் தேய்ந்து அவருடைய கைக்கேற்பப் பழகுகின்றது. அவ்வட்டு குளத்தில் விழுந்து தொலைந்தால், அதே போன்ற இன்னொன்று கடையில் கிடைக்க வேண்டும். கிடைக்காவிடில் அவர் இழப்பது ஒரு நெகிழித் துண்டை அன்று. பல ஆண்டுப் பயிற்சியை. 2006-இல் பின்லாந்தில் தொடங்கப்பட்ட டிஸ்க்மேனியா, நெடுங்காலம் இன்னோவாவின் ஆலையில் தன் வட்டுகளைச் செய்வித்து, 2019-இல் பிற ஆலைகளை நாடியபோது, ரசிகர்கள் பழைய வட்டுகளை வாங்கிக் குவித்ததன் காரணம் இதுவே. 2020-இல் பெருந்தொற்றின்போது புதிய ஆட்டக்காரர்கள் திரண்டு வர, ஆலைகள் ஈடுகொடுக்க இயலாமல் திணறின. அப்போது பலர் தேடியதும் புதுமையை அன்று. தாம் நாள்தோறும் எறியும் வட்டையே.

வகுப்பறையிலும் இதைக் காண்கின்றோம். புதிய பாடநூல் வரும்போது மாணவர் மகிழ்வர். ஆசிரியர் சிலர் ஐயுறுவர். பழைய நூலில் பழகியவர் அதைப் பாதுகாத்து வைப்பர். எவரையும் குறை சொல்வதற்கில்லை. கற்றது எல்லாம் ஒரு கருவியின் வழியாகவே கைக்கு வந்தது என்பதால் அக்கருவி மீது பற்று உண்டாகின்றது.

எட் ஹெட்ரிக் 2002-இல் மறைந்தார். அவர் விருப்பப்படி அவருடைய சாம்பல் நெகிழியோடு கலக்கப்பட்டு வட்டுகளாக வார்க்கப்பட்டது. வட்டைச் செய்தவரே இறுதியில் வட்டாக விரும்பினார் என்றால், அதை எறிபவர்கள் ஒரு புதிய அச்சுக்காக மகிழ்வதும், ஒரு பழைய அச்சுக்காக வருந்துவதும் வியப்பன்று.

நிறுவனங்கள் புதியவற்றை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அது அவற்றின் பிழைப்பு. எவை பையில் தங்கும், எவை அலமாரியில் உறங்கும் என்பதை எறிபவர்களின் கைகளே தீர்மானிக்கும். 1983-இல் ஈகிளை ஏற்றவையும், அவியாரையும் ராக்கையும் இத்தனை ஆண்டுகள் காப்பாற்றி வந்தவையும் அக்கைகளே.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்